சின்னம்மை–அக்கி எதிர்ப்பொருள் சோதனை

சின்னம்மைக்கும் அக்கிக்கும் காரணமான வாரிசெல்லா சோஸ்டர் வைரசுக்கு எதிரான ஐஜிஎம், ஐஜிஜி எதிர்ப்பொருள்களைப் பெரும்பாலும் எலைசா முறையில் கண்டறியும் குருதிச் சோதனை. ஐஜிஜி இருப்பது முன்பு சின்னம்மை கண்டதையோ தடுப்பூசி போட்டதையோ காட்டும். தடுப்பூசியால் உண்டாகும் குறைந்த அளவு எதிர்ப்பொருள் சோதனைக்குத் தப்பலாம். ஐஜிஎம் மட்டும் நம்பத்தக்கதன்று. நோயை உறுதிசெய்யக் கொப்புள நீரின் பிசிஆர் சோதனையே சிறந்தது. ஐஜிஜி அக்கிக்குக் காப்பாகாது: நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிய வைரசை அடக்குபவை டி செல்கள். வெப்பமண்டலத்தில் பலர் தொற்றாமலே வளர்ந்துவிடுகின்றனர். இந்தியப் பொதுத் தடுப்பூசித் திட்டத்திலும் இத்தடுப்பூசி இல்லை. ஆகவே மதுரை வில்லாபுரம் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில், அம்மை போட்டு வேப்பிலை கட்டிய வீட்டில் இருக்கும், முன்பு அம்மை காணாத கர்ப்பிணிக்கு இச்சோதனை மிக இன்றியமையாதது. எதிர்ப்பொருள் இல்லையெனில், தொடர்பு ஏற்பட்ட 10 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் செலுத்தலாம்.