மாந்தைக்கு வந்த உரோம முகங்கள்

எங்கள் சரித்திரப் புத்தகத்தில் உரோமப் பேரரசர் ஒருவரின் சலவைக்கல் மார்பளவுச் சிலைப் படம் இருந்தது. மூக்குடைந்த அந்த முகத்துக்கு மீசை வரைந்து ரீச்சரிடம் ஏச்சு வாங்கியவர்களும் எம்மில் உண்டு. அத்தகைய முகங்கள் வன்னியின் மேற்குக் கரைக்கே வந்து சேர்ந்தவை என்று அன்று எவரும் சொல்லித் தரவில்லை.

பேரரசரை நேரிற் காணாத மக்களுக்கு அவரது முகத்தைக் காட்டியவை சிலையும் காசுமே. மாதிரி ஒன்றைப் பார்த்துச் சிற்பிகள் ஊரூராகச் சலவைக்கல்லிற் செதுக்கினார்கள். இலங்கை உரோமரின் ஆட்சிக்குள் இருந்ததில்லை. ஆகவே இங்கே வணிகரோடு காசுதான் வந்தது.

கிளோடியஸ் (கி.பி. 41–54) ஆண்ட காலத்தில், அன்னியஸ் புளோகாமஸ் என்பவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவர், அரேபியக் கடலிற் காற்றில் அள்ளுண்டு 15ஆம் நாள் இலங்கைக் கரையை அடைந்தார் என்று பிளினி எழுதுகிறார். அவரிடமிருந்த வெள்ளிக்காசுகளைக் கண்டு இலங்கை அரசர் வியந்தாராம். முகங்கள் வேறு வேறு, நிறையோ ஒன்றே! ஆள் மாறினாலும் நிறை மாறாத நேர்மை அவருக்குப் பிடித்துவிட்டது. உரோமுக்கு நான்கு தூதுவரை அனுப்பிவைத்தார்.

எல்லோரும் அப்படி மரியாதை காட்டவில்லை. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 501 பொற்காசுகளிற் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகம் குறுக்கே வெட்டப்பட்டிருந்தது. காசாக மீண்டும் புழங்காதிருக்கவே வெட்டினர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மீசை வரைந்த எங்களுக்கு முன்னோடிகள் இருந்திருக்கிறார்கள்.

சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் போன போதெல்லாம் நாங்கள் நடந்த மேடுதான் பழைய மாந்தைத் துறைமுகம். ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் 1980இல் அங்கே அகழத் தொடங்கினர். 1984இல் போர் அதை நிறுத்திவிட்டது. மாந்தையிலும் உரோமக் காசுகள் கிடைத்துள்ளன. இலங்கையிற் கிடைத்தவற்றுள் மிகப் பல 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள். சின்னிவிரல் நகமளவுதான். தேயாத காசுகளில் இன்றும் முகம் தெரிகிறது.

இம்மலரைத் தொகுக்கையில் இதுவே எங்களை உறுத்தியது. அலுவலகச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த அதிபர்களின் படங்கள், இடப்பெயர்வு முடிந்து நாங்கள் திரும்பியபோது இருக்கவில்லை. முதல் மூன்று அதிபர்களுக்கும் இம்மலரில் பெயர் மட்டுமே உண்டு. ரொறன்ரோவிலோ லண்டனிலோ கொழும்பிலோ, அம்மாவின், அம்மம்மாவின் அல்பத்தில் பழைய வகுப்புப் படமொன்று இருந்தால் பிரதியெடுத்து அனுப்புங்கள். நடுவிற் கதிரையில் இருப்பவர் யாரென்று கேட்டு, பின்புறத்தில் எழுதிவிடுங்கள்.