ஜெனரல் வரைந்த மலைகள்

நான் கோப்பை கழுவுகிற றெஸ்ரோறன்டின் சாப்பாட்டு அறையில் பழைய படமொன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. இரவு வேலை முடிந்து கதிரைகளைக் கவிழ்த்து மேசைமேல் வைக்கும்போது அதன் முன்னால் நின்றுவிடுவேன். ஊரில் புவியியல் படிப்பை இடையில் விட்டு வந்தவன் நான். இடவிளக்கப் படத்தைக் கண்டால் கால் நகராது.

அது சுவிசின் டுபூர் படத்தில் ஒரு தாள். 1845 முதல் 1865 வரை 25 தாள்களாக வெளிவந்தது. நிலத்தில் ஒரு கிலோமீற்றர், தாளில் ஒரு சென்ரிமீற்றர். சமவுயரக் கோடுகளை நம்பி அது நிற்கவில்லை. செப்புத் தகட்டில் மயிரிழை போன்ற கோடுகளைச் செதுக்கி, வடமேற்கிலிருந்து வெயில் அடிப்பதுபோல் நிழல் காட்டியிருக்கிறார்கள். நண்பகல் வெயில் தெற்கிலிருந்து வருகிற நாடு இது. ஆனாலும் அந்தப் பொய்வெயிலில்தான் மலைகள் எழும்பி நிற்கின்றன.

படத்தை வரைவித்த குய்யோம் ஆன்றி டுபூர் 1787இல் கொன்ஸ்ரன்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெனீவாவிலிருந்து துரத்தப்பட்டவர்கள். எங்கள் பாஷையில் சொன்னால் அகதிப் பிள்ளை. நெப்போலியனின் படையில் பொறியியலாளராக இருந்துவிட்டு வந்து, 1832இல் அளவைப் பணியைப் பொறுப்பேற்றார்.

வரைபடம் என்றால் எங்களுக்கு ஆமிக்காரன் கையில் இருப்பது. இதுவும் ஆமிக்காரன் வரைந்ததுதான். முதல் தாள்கள் வந்து இரண்டு வருடத்தில், 1847 நவம்பரில், ஏழு கத்தோலிக்க மாநிலங்களுக்கு எதிரான உள்நாட்டுப் போரில் கூட்டாட்சிப் படைக்கு ஜெனரலாக டுபூரே போனார். காயப்பட்டவர்களுக்கும் பெண்கள், பிள்ளைகளுக்கும் தீங்கு செய்யக்கூடாதென்று கட்டளையிட்டார். நான்கு கிழமைக்குள் போர் முடிந்தது. இரு பக்கமும் சேர்த்துச் செத்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர். இந்த எண்ணிக்கையை முதலில் வாசித்தபோது அச்சுப் பிழை என்று நினைத்தேன். அடுத்த வருடமே புதிய அரசியலமைப்பு வந்தது.

ஜெனரல் திரும்பவும் படத்துக்கு வந்தார். தோற்ற ஊரி, வலே மாநிலங்களின் பள்ளத்தாக்குகளுக்கும், வென்ற பேர்ண், சூரிச்சுக்கும் ஒரே அளவுத்திட்டம், ஒரே வெயில்.

1863இல் நாட்டின் மிக உயர்ந்த கொடுமுடிக்கு, 4634 மீற்றர், டுபூரின் பெயரை வைத்தார்கள். அது நிற்பது தோற்ற வலேயில். அதே வருடம்தான் அவரும் ஹென்றி டுனானும் வேறு மூவரும் சேர்ந்து, பின்னாளில் செஞ்சிலுவைச் சங்கமான குழுவைத் தொடங்கினார்கள். பக்கத்துக் கொடுமுடிக்கு டுனானின் பெயர் 2014இல்தான் கிடைத்தது. அது இரண்டு மீற்றர் பதிவு.