இடி போட்ட கல்லா, ஆள் செதுக்கிய கல்லா?

பாடநூல் படத்திலாவது கைக்கோடரியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஒரு முனை கூர்ந்து, மறுமுனை பருத்து, உள்ளங்கையில் பிடிக்க வாகாக இருக்கும் கல். பார்த்த மாத்திரத்தில் ‘ஆதிமனிதரின் ஆயுதம்’ என்று இன்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லும் துணிவு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. இடையில் வானத்து இடி, ரோமானிய யானை, சுங்க அதிகாரி, போலி வியாபாரி, சிமென்ட் ஆலை, குரங்கு என்று பலவும் குறுக்கே வந்து போயின.

முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி, கோடரி வடிவக் கற்களை ‘இடிக்கற்கள்’ என்ற இனத்தில் சேர்த்து எழுதினார். மின்னலோடு வானிலிருந்து விழுந்தவை இவை என்பது ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்த நம்பிக்கை. ஒருமுறை விழுந்த இடத்தில் மறுமுறை இடி விழாது என்று கூரையில் செருகி வைத்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பெருமழை மண்ணை அரித்த பிறகுதான் இந்தக் கற்கள் கண்ணில் படும். முந்தின இரவு இடியும் இடித்திருக்கும். நம் சேர்வராயன் மலையிலும் சவ்வாது மலையிலும் வழவழப்பாகத் தீட்டிய புதிய கற்காலக் கோடரிகளைப் பிள்ளையாராக வைத்துக் கும்பிட்டார்கள். பல கோடரிகள் தொலையாமல் பிழைத்தது அந்தப் பக்தியால்தான்.

முடிச்சை முதலில் அவிழ்க்க உதவியவை அமெரிக்காவிலிருந்து திரும்பிய கப்பல்கள். அங்குள்ள பழங்குடிகளின் கல்லாயுதங்கள் அன்பளிப்பாகவும் விந்தைப் பொருளாகவும் ரோமுக்கு வந்து சேர்ந்தன. வாட்டிகன் தாவரத் தோட்டத்தைக் கவனித்துவந்த மருத்துவர் மிக்கேலே மெர்காத்தி அவற்றைப் பார்த்துவிட்டு, இடிக்கற்களும் இரும்பை அறியாத மனிதர் செய்தவையே என்று எழுதினார். 1593-இல் அவர் இறந்தார். கையெழுத்துப் பிரதி அச்சேறியதோ 1717-இல்! ஆறு ஆண்டு கழித்துப் பாரிஸில் அந்துவான் த ஜூசியூ இதே ஒப்பீட்டை அறிவியல் கழகத்தின் முன் வைத்தார்.

செய்தது மனிதர்தான் என்று ஏற்றபின் எந்தக் காலத்து மனிதர் என்ற கேள்வி பிறந்தது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் கிரேஸ் இன் லேன் அருகே யானை எலும்போடு ஒரு கைக்கோடரி கிடைத்தது. ரோமப் பேரரசர் கிளாடியஸ் படையெடுத்து வந்தபோது கொண்டுவந்த யானை அது, எதிர்த்து நின்ற பிரித்தானியர் ஒருவரின் ஆயுதம் இது என்று 1715-இல் விளக்கம் சொன்னார்கள். 1797-இல் ஹாக்ஸ்ன் என்ற ஊரின் செங்கல் மண் குழியில், பன்னிரண்டு அடி ஆழத்தில் கிடந்த கற்களைப் பற்றி ஜான் ஃபிரேர் கடிதம் எழுதினார். இந்த உலகத்தையும் தாண்டிய பழமை இவற்றுக்கு இருக்கலாம் என்று கருதினார். அவற்றின் அருமை தெரியாத வேலையாட்கள், அதே கற்களைக் கூடை கூடையாகச் சாலைப் பள்ளத்தில் கொட்டி நிரப்பியிருந்தார்கள்.

பிரான்ஸின் அப்வில் நகரச் சுங்க அதிகாரி புஷே த பெர்த், சோம் ஆற்றங்கரைச் சரளையில் கைக்கோடரிகளைச் சேர்த்து நூலாக்கினார். யாரும் நம்பவில்லை. அதற்கு ஒரு காரணம் அவரே. இயற்கையாகவே பறவை போலவும் விலங்கு போலவும் அமைந்த கற்களையும் ஆதிமனிதரின் சிற்பங்கள் என்று அதே நூலில் சேர்த்திருந்தார். கோடரியில் தவறாத கண், சிற்பத்தில் தவறியது. 1859-இல் ஆங்கிலப் புவியியலாளர் பிரெஸ்ட்விச்சும், காகித ஆலை நடத்திய ஜான் எவன்ஸும் நேரில் வந்து, மண்ணடுக்கில் பதிந்தபடியே ஒரு கோடரியைப் பார்த்து, புகைப்படமும் எடுத்தார்கள். அறிவுலகம் மனம் மாறியது.

உடனே சந்தையும் சூடுபிடித்தது. கண்டெடுப்பவருக்குக் காசு என்றதும் வேலையாட்களே கற்களைச் செதுக்கிச் சரளையில் புதைத்தார்கள். இங்கிலாந்தில் எட்வர்ட் சிம்ப்சன் என்ற நாடோடி ‘ஃபிளின்ட் ஜாக்’ என்ற பெயரில் அம்புமுனைகளையும் கோடரிகளையும் செய்து அருங்காட்சியகங்களுக்கே விற்றுவந்தார். 1862-இல் லண்டனில் புவியியலாளர் சங்கத்தார் அவரை மேடையேற்றி, எல்லோர் முன்னிலையிலும் செதுக்கிக் காட்டச் சொன்னார்கள். என்னைக் கேட்டால், கல் உடையும் விதத்தைப் படித்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆசான்களில் அவரும் ஒருவர்.

சோம் ஆற்றங்கரைச் செய்தி சென்னைக்கும் வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரம் படை மைதானத்தில் சரளைக் குழியிலிருந்து வெட்டிப் போட்ட குவியலில் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். ஐரோப்பியக் கோடரிகள் பெரும்பாலும் சக்கிமுக்கிக் கல்லால் ஆனவை. இதுவோ குவார்ட்சைட். கல் வேறாக இருந்தும் செதுக்கிய கைப்பக்குவம் ஒன்றே என்று கண்டுகொண்டதில்தான் ஃபூட்டின் மேதைமை இருக்கிறது. இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அது. செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்துக்குப் போனபோது அங்கே கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன.

ஆர்வம் அளவு மீறியபோது அடுத்த சிக்கல் வந்தது. கென்ட் மாவட்டத்து மளிகைக்கடைக்காரர் பெஞ்சமின் ஹாரிசன், ஓரம் மட்டும் லேசாகச் சிதைந்த கற்களைத் திரட்டி, கோடரிக்கும் முந்தைய கருவிகள் என்றார். பிரெஸ்ட்விச்சே அவர் பக்கம் நின்றார். 1905-இல் பிரெஞ்சு அறிஞர் மார்செலின் பூல், மாந்த் நகரருகே ஒரு சிமென்ட் ஆலையைப் போய்ப் பார்த்தார். சுண்ணக்கல்லையும் களிமண்ணையும் தண்ணீர்த் தொட்டியில் இயந்திரம் மணிக்கணக்கில் கலக்கிக்கொண்டிருந்தது. தொட்டியின் அடியில் தங்கிய சக்கிமுக்கிக் கற்களை எடுத்துப் பார்த்தால், அச்சு அசலாக ஹாரிசனின் ‘கருவிகள்’!

வடிவத்தை நம்பக்கூடாது, உடைப்பைப் படிக்க வேண்டும் என்ற தெளிவு அதன் பிறகுதான் பிறந்தது. நுண்மணிக் கல்லை விளிம்பில் ஓங்கி அடித்தால், அடிபட்ட இடத்துக்குக் கீழே சிறு புடைப்பு தோன்றும். அதிலிருந்து கிளிஞ்சலின் முதுகு போல வளைவரிகள் விரியும். விரல் நுனியால் தடவினாலே தெரியும். ஆனால் ஆற்று வெள்ளத்தில் மோதும் கல்லிலும் இது எப்போதாவது ஏற்படும். ஆகவே 1939-இல் ஆல்ஃபிரட் பார்ன்ஸ் கோணத்தை அளந்தார். மனிதர் செதுக்கியவற்றில் அடித்த பரப்புக்கும் சில்லு பெயர்ந்த பரப்புக்கும் இடையே பெரும்பாலும் குறுங்கோணம். இயற்கை உடைத்தவற்றில் விரிகோணங்கள் மிகுதி. ஒரு கல்லை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், ஓரிடத்துக் கற்களை மொத்தமாக அளக்கச் சொன்னார்.

கல் கிடந்த இடமும் சாட்சி சொல்லும். அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அகழ்ந்த கருவிகள் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-இல் அறிவிக்கப்பட்டது. அவற்றில் பல, மென்களிமண் படிவுக்குள் இருந்தன. களிமண்ணை மெதுவாகப் படியவிட்ட நீர், கனத்த குவார்ட்சைட் கற்களை உருட்டிவந்திருக்க முடியாது.

இடம் ஏமாற்றுவதும் உண்டு. பிரேசிலின் செர்ரா ட கபிவாரா மலையிலுள்ள பெட்ரா ஃபுராடா குகையில் 30,000 ஆண்டுக்கு முந்தைய கருவிகள் கிடைத்ததாகத் தொல்லியலாளர் நியேட் கிதோன் அறிவித்திருந்தார். மேலே செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து உடைந்த கூழாங்கற்களாக இருக்கலாம் என்று 1994-இல் மறுப்பு வந்தது. அதே மலைக்காட்டில் கப்புசின் குரங்குகள் கல்லைக் கல்லால் மோதி உடைத்து, உடைந்த கல்லை நக்குவதை 2016-இல் ஒரு குழு பதிவுசெய்தது. தெறித்த சில்லுகளில் அதே புடைப்பு, அதே கூர்விளிம்பு. குரங்கு எதுவும் சில்லை எடுத்து எதையும் வெட்டவில்லை. எனவே கூரான சில்லு ஒன்று மட்டும் கிடைத்தால் இப்போது ஆய்வாளர்கள் அவசரப்படுவதில்லை. கல்லைத் திருப்பித் திருப்பி இருமுகமும் செதுக்கியிருக்கிறதா, அதே வடிவம் அடுத்தடுத்த கல்லிலும் வருகிறதா, பக்கத்தில் கிடக்கும் எலும்பில் வெட்டுத்தடம் உண்டா என்று தேடத் தொடங்குகிறார்கள்.