பால் காத்திருக்காது

தென்பெண்ணையின் நீரை வாங்கி நிறைகிற பாரூர் ஏரிக்கரையில் ஒரு விடியற்காலையில் உலாவிக்கொண்டிருந்தேன். பால் கேனோடு சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். தீவனம் விற்கிற விலையில் மாடு வைத்திருப்பது கட்டுப்படியாகவில்லை என்றார்.

"விலை கட்டாவிட்டால் கொடுக்காமல் இருங்களேன்!" என்றேன், பட்டணத்து அசட்டுத்தனத்தோடு.

அவர் சிரித்தார். "நெல்லை நாலு மாசம் போட்டு வைக்கலாம் ஐயா. பாலை நாலு மணி நேரம் வைக்க முடியுமா?"

மாடு வளர்ப்பவரின் சரித்திரமெல்லாம் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

குஜராத்தின் கேடா ஜில்லாவிலிருந்து பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை 1945-இல் பால்சன் என்ற ஒரே கம்பெனியிடம் இருந்தது. வாங்குகிறவர் ஒருவர், விற்கிறவர் பல்லாயிரம் பேர். விலையை நிர்ணயித்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா? சர்தார் படேலின் யோசனைப்படி உழவர்கள் 15 நாள் பால் தர மறுத்தார்கள், நஷ்டத்தையும் தாங்கினார்கள். 1946 டிசம்பர் 14-இல் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. அதுவே பின்னாளில் 'அமுல்' என்று பெயரெடுத்தது. அதை முன்மாதிரியாக வைத்துத்தான் 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது.

இனி நம் வீட்டுக் கதை. 2021 மே மாதம் அரசாங்கம் ஆவின் பாலின் விற்பனை விலையை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. என் வீட்டிலும் மகிழ்ச்சிதான். பசும்பாலுக்கு உழவர் பெற்ற 32 ரூபாய் 35 ஆனதோ 2022 நவம்பரில்தான். 2023 மார்ச்சில் உற்பத்தியாளர்களில் ஒரு சாரார் மேலும் 7 ரூபாய் கேட்டுப் பாலை நிறுத்தினார்கள். கேடாவின் பழைய ஆயுதம்!

இரண்டே மாதத்தில் கேடாவின் சங்கமே பாரூர் இருக்கிற கிருஷ்ணகிரி ஜில்லாவில் குளிரூட்டும் நிலையங்களுடன் வந்து நின்றது. ஒரு சங்கத்தின் எல்லைக்குள் இன்னொன்று பால் வாங்குவது முறையல்ல, அதைத் தடுக்க வேண்டும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் மே 25-இல் மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். வாதம் நியாயமானதே, சங்கங்கள் மோதிக்கொண்டால் நாளைக்கு உழவருக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்த டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையும் வந்தது.

ஆனாலும் என் மனம் அந்தப் பெரியவரையே சுற்றுகிறது. எல்லைக்கோடு அவருக்குத் தெரியாது. கேனுக்குக் கிடைக்கிற காசுதான் தெரியும். நல்ல விலையைவிட உறுதியான வேலி ஒரு சங்கத்துக்கு ஏது? அந்த விலையில் நம் காலைக் காப்பிக்கும் பங்குண்டு. அன்று 3 ரூபாய் குறைந்ததற்கு மகிழ்ந்த நாம், உழவருக்கு 3 ரூபாய் கூடும்போதும் முகம் சுளிக்காமல் இருப்போமா?