வட்டக்கோட்டைக் கடற்கரைப் பயணியர் தங்குமிடங்கள்

வட்டக்கோட்டைக் கடற்கரைப் பயணியர் தங்குமிடங்கள் என்பன கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்குக் கடலோரத்தில் உள்ள வட்டக்கோட்டைக்கும் அதனைச் சூழ்ந்த நாஞ்சில் நாட்டுப் பகுதிக்கும் வருவோர் இராத் தங்குவதற்குப் பயன்பட்ட, பயன்படுகின்ற இடங்களைக் குறிக்கும். பழங்காலத்தில் வழியம்பலம், கல்மண்டபம், சத்திரம், ஊட்டுப்புரை ஆகியன இப்பணியைச் செய்தன. இக்காலத்தில் விடுதிகளும் அரசு விருந்தினர் இல்லங்களும் யாத்திரிகர் இல்லங்களும் அவற்றின் இடத்தைப் பெற்றுள்ளன. வட்டக்கோட்டையின் உள்ளே தங்கும் வசதி கிடையாது. எனவே இங்கு வருவோர் பெரும்பாலும் கன்னியாகுமரி நகரில் தங்கிப் பகலில் வந்து செல்கின்றனர்.

அமைவிடம்

வட்டக்கோட்டை, கன்னியாகுமரி நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 6 கிமீ தொலைவில், அஞ்சுகிராமம் செல்லும் சாலையிலிருந்து கடலை நோக்கிப் பிரியும் கிளைச் சாலையின் முடிவில் அமைந்துள்ளது. சுற்றிலும் பனை, தென்னைத் தோப்புகளும் மீனவர் ஊர்களும் உள்ளன. கருங்கல்லால் கட்டப்பட்ட இக்கோட்டையின் ஒரு பகுதி கடலை ஒட்டியே நிற்கிறது. அருகிலுள்ள கடற்கரையின் மணல், கனிமங்கள் கலந்திருப்பதால் கருமையாகக் காணப்படும். மாவட்டத் தலைநகரான நாகர்கோவில், கன்னியாகுமரியிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 20 கிமீ தொலைவில் உள்ளது.

கோட்டையின் பின்னணி

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் (ஆட்சிக்காலம் 1729–1758) காலத்தில் இக்கோட்டை வலுப்படுத்தப்பட்டது. 1741ஆம் ஆண்டு நடைபெற்ற குளச்சல் போரில் சிறைபிடிக்கப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையின் தளபதியாக உயர்ந்த ஒல்லாந்தரான டிலனாய் இப்பணியை மேற்பார்வையிட்டார். கோட்டைச் சுவரில் மீன் சின்னங்கள் காணப்படுவதால் பாண்டியர் தொடர்பும் கூறப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து கடல் வரை நீண்ட திருவிதாங்கூரின் தெற்குக் காவல் அரணின் கடல் முனையாக இது விளங்கியது. வேலுத்தம்பித் தளவாயின் கிளர்ச்சியை ஒட்டி 1809இல் ஆங்கிலேயப் படை ஆரல்வாய்மொழியைக் கைப்பற்றிய பின்னர் இந்த அரண் தன் பயனை இழந்தது.

இவ்வாறு வட்டக்கோட்டை தொடக்கம் முதலே காவலுக்கான இடமாக இருந்ததேயன்றி வழிப்போக்கர் தங்கும் இடமாக இருந்ததில்லை. நாட்டிற்குள் வருவோரைத் தடுப்பதே அதன் நோக்கம். வருவோருக்கு இடமளித்தவை சாலையோரங்களிலும் கோயில்களை ஒட்டியும் இருந்த வேறு கட்டடங்களாகும்.

வரலாறு

பழங்காலம்

குமரி முனைக்குப் பயணிகள் வந்து தங்கியமை பற்றிய பழைய குறிப்பு, கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் எரித்திரியக் கடலின் பெரிப்ளசு என்னும் கிரேக்க நூலில் உள்ளது. குமரியில் துறைமுகம் ஒன்று இருந்ததையும், தம் வாழ்நாளை நோன்பில் கழிக்க விரும்புவோர் அங்கு வந்து நீராடித் தங்கியதையும் அந்நூல் குறிப்பிடுகிறது. ஆகவே இப்பகுதிக்கு வந்தோருள் வணிகர் மட்டுமன்றி யாத்திரிகரும் தொடக்கத்திலிருந்தே இருந்தனர் எனலாம்.

துறவிகள் பலர் கட்டடங்களை நாடாமல் மலைக் குகைகளில் தங்கினர். கன்னியாகுமரிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே உள்ள மருந்துவாழ்மலையின் பிள்ளைத்தடம் குகையில் நாராயண குரு தவமிருந்தமை குறிப்பிடத்தக்கது.

வழியம்பலமும் சுமைதாங்கியும்

சாலைகளில் வண்டி குறைவாகவும் நடை மிகுதியாகவும் இருந்த காலத்தில், ஒரு பகல் நடக்கக்கூடிய தொலைவே தங்குமிடங்களின் இடைவெளியைத் தீர்மானித்தது. வழியம்பலம் என்பது கூரையும் திண்ணையும் மட்டும் கொண்ட திறந்த கட்டடமாகும். கல்தூண்களின் மேல் கற்பலகை பாவிய மண்டபங்களும் இதே பயனைத் தந்தன. இவற்றுக்குக் கதவோ பூட்டோ கட்டணமோ இல்லை. பெரும்பாலும் இவற்றின் அருகே கிணறோ குளமோ இருந்தது.

தலைச்சுமையுடன் நடப்போர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி மீண்டும் ஏற்றிக்கொள்ளச் சுமைதாங்கிக் கற்கள் நடப்பட்டன. இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின் மேல் மூன்றாவது கல்லை ஆள் உயரத்துக்குக் குறுக்கே வைப்பது இதன் அமைப்பாகும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இவற்றை எழுப்பும் வழக்கம் தமிழகம் எங்கும் இருந்தது. கோடைக்காலத்தில் தண்ணீர்ப்பந்தல்கள் அமைத்து மோரும் நீரும் வழங்கப்பட்டன.

சத்திரமும் ஊட்டுப்புரையும்

சத்திரத்தில் தங்குவதற்கு இடமும், பல வேளைகளில் உணவும் கிடைத்தன. அரசரோ செல்வரோ எழுதிவைத்த நிலங்களின் வருவாயிலிருந்து இவற்றின் செலவு நடைபெற்றது. ஊட்டுப்புரை என்பது திருவிதாங்கூர் அரசின் செலவில் இலவச உணவு வழங்கிய கூடமாகும். பத்மநாபபுரம் அரண்மனையில் இன்றும் காணப்படும் இரண்டு தளங்களைக் கொண்ட ஊட்டுப்புரை, இத்தகைய கூடங்களின் அளவை அறிய உதவுகிறது.

தங்கும் உரிமையும் சாதியும்

இத்தங்குமிடங்கள் எல்லோருக்கும் ஒரே விதமாகப் பயன்படவில்லை. அரசு ஊட்டுப்புரைகளின் உணவு பெரும்பாலும் பிராமணர்களுக்கே வழங்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடப்பதற்கே தடை இருந்தமையால், அத்தெருக்களில் அமைந்த சத்திரங்களும் குளங்களும் அவர்களுக்கு எட்டாதவையாக இருந்தன. நெடுந்தொலைவு நடந்து வந்தவருக்கு நிழலும் நீரும் கண்முன்னே இருந்தும் அவற்றை அணுக முடியாத நிலை இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் அய்யா வைகுண்டரைப் பின்பற்றியோர் இதற்கு மாற்றான அமைப்புகளை உருவாக்கினர். சாமித்தோப்பில் அமைந்த முத்திரிக் கிணறு எல்லாச் சாதியினரும் நீர் எடுப்பதற்கான பொதுக் கிணறாக விளங்கியது. ஊர்தோறும் எழுந்த நிழல் தாங்கல்கள் வழிபாட்டிடங்களாகவும் மக்கள் கூடி உணவைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களாகவும் இருந்தன. நிழல் தாங்கல் என்னும் பெயரே வழிப்போக்கர் ஒதுங்கும் இடத்தை நினைவூட்டுவது கவனிக்கத்தக்கது.

1924–25இல் நடைபெற்ற வைக்கம் போராட்டமும், 1926இலும் 1930இலும் நடைபெற்ற சுசீந்திரம் போராட்டங்களும் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமையை முன்வைத்தன. 1936 நவம்பர் 12 அன்று வெளியான திருவிதாங்கூர் கோயில் நுழைவு அறிவிப்பு கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆவது உறுப்பு, பொது உணவகங்கள், கிணறுகள், குளங்கள், சாலைகள் போன்றவற்றைப் பயன்படுத்துவதில் சாதி, சமய அடிப்படையிலான தடைகளை நீக்கியது. விடுதி அறையை யாரும் கட்டணம் செலுத்திப் பெறலாம் என்னும் இன்றைய நிலை இவ்வளவு அண்மைக் காலத்தில் ஏற்பட்டதாகும்.

விடுதிகளின் வளர்ச்சி

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. காந்தி மண்டபம் (1956), விவேகானந்தர் பாறை நினைவிடம் (1970), கன்னியாகுமரிக்குத் தொடர்வண்டிப் பாதை (1979), 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை (2000) ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தமையால் பயணியர் தொகை பெருகியது; விடுதிகளும் பெருகின. 2024 திசம்பரில் பாறை நினைவிடத்தையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது.

தற்போதைய தங்குமிடங்கள்

கன்னியாகுமரி நகர்: வட்டக்கோட்டைக்கு மிக அருகில் எல்லா வகை அறைகளும் கிடைக்கும் இடம் இதுவே. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு, கேரள அரசின் விருந்தினர் இல்லம், தனியார் விடுதிகள், பல்வேறு சமூகத்தாரின் சத்திரங்கள் ஆகியன இங்குள்ளன.

விவேகானந்தபுரம்: 1972இல் ஏக்நாத் ரானடே நிறுவிய விவேகானந்த கேந்திரத்தின் வளாகம் இது. நாகர்கோவில் சாலையில் அமைந்துள்ள இவ்வளாகத்தில் தனி அறைகளும் பலர் சேர்ந்து தங்கும் கூடங்களும் உள்ளன. மாணவர் குழுக்களுக்கும் குடும்பங்களுக்கும் ஏற்றது.

நாகர்கோவில்: மாவட்டத்தின் பிற இடங்களான பத்மநாபபுரம், முட்டம், திற்பரப்பு முதலியவற்றையும் காண விரும்புவோர் இங்குத் தங்குவது வசதியாகும். குமரி முனைக்கு மட்டும் வருவோருக்குத் தொலைவு கூடும்.

கோட்டையருகே விடுதிகள் இல்லாமைக்கான காரணங்கள்

கோட்டையை ஒட்டி விடுதி எழாமைக்குச் சட்டங்களும் காரணமாகும். வட்டக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டடங்களுக்குத் தடையையும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாட்டையும் 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வகுத்தது. கடற்கரைப் பகுதிகளில் கட்டடம் எழுப்புவதை 1991இல் வெளியிடப்பட்டுப் பின்னர் 2011இலும் 2019இலும் மாற்றியமைக்கப்பட்ட கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகள் கட்டுப்படுத்துகின்றன.

இக்கட்டுப்பாடுகளின் தேவையை 2004 திசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலை உணர்த்தியது. அன்று விவேகானந்தர் பாறைக்குச் சென்றிருந்த பயணிகள் பலர் கரை திரும்ப முடியாமல் சிக்கிப் பின்னர் மீட்கப்பட்டனர். மாவட்டத்தின் மேற்குக் கடலோர மீனவர் ஊர்கள் பேரிழப்பைச் சந்தித்தன. வீடிழந்தோர் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் திருமண மண்டபங்களிலும் தங்கவைக்கப்பட்டனர். தங்குமிடம் என்பது சுற்றுலாவுக்கு மட்டும் உரிய ஒன்றன்று என்பதை இந்நிகழ்வும், 2017 நவம்பர் 30 அன்று இம்மாவட்டத்தைத் தாக்கிய ஒக்கிப் புயலும் எடுத்துக்காட்டின.

பயணத்துக்கு ஏற்ற காலம்

சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும், அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றும் மழை தருகின்றன. கடல் கொந்தளிக்கும் நாட்களில் பாறை நினைவிடத்துக்கான படகுப் போக்குவரத்து நிறுத்தப்படும். அத்தகைய நாட்களில் நிலவழியே அடையக்கூடிய வட்டக்கோட்டை ஒரு மாற்றாக அமைகிறது.

நவம்பர் நடுப்பகுதி முதல் சனவரி நடுப்பகுதி வரை சபரிமலை யாத்திரிகர் பெருமளவில் கன்னியாகுமரிக்கு வருவதால் அறை கிடைப்பது அரிதாகும். சித்திரை முழுநிலவு நாளிலும் கூட்டம் மிகும். இக்காலங்களில் முன்பதிவு செய்துகொள்வது இன்றியமையாதது. மாலையில் கதிரவன் கடலில் மறைவதைக் காண விரும்புவோருக்கு அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்கள் ஏற்றவை. ஏனைய மாதங்களில் அது நிலப்பகுதியின் மேல் மறையும்.

கோட்டை பகலில் மட்டுமே திறந்திருக்கும். ஆகவே அதிகாலைக் கதிரவன் தோற்றத்தை நகரில் கண்டபின் கோட்டைக்குச் செல்வது வழக்கம். பேருந்துகள் குறைவாதலால் பலர் தானி அமர்த்திச் செல்கின்றனர். திரும்பி வருவதற்கும் அதே வண்டியைப் பேசி நிறுத்திக்கொள்வது நல்லது. கோட்டையின் கீழுள்ள கடலில் பாறைகளும் அலையின் இழுப்பும் இருப்பதால் நீந்துவது ஆபத்தானது.

பிற நாடுகளில்

ஒதுக்குப்புறமான கடலோரங்களில் பயணியருக்கு இடமளிக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளிலும் உண்டு. இசுக்கொட்லாந்தின் வடபகுதியில் மலைகளிலும் கடலோரங்களிலும் உள்ள ‘பொதி’ எனப்படும் பழைய குடில்கள் பூட்டப்படாமலும் கட்டணமின்றியும் வழிப்போக்கருக்காக விடப்பட்டுள்ளன. 1965இல் தொடங்கப்பட்ட தன்னார்வ அமைப்பு ஒன்று அவற்றுள் பலவற்றைப் பேணி வருகிறது. அமைப்பிலும் நோக்கிலும் இவை நாஞ்சில் நாட்டு வழியம்பலங்களை ஒத்தவை. ஆயினும் அங்குக் குடில்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. இங்கு வழியம்பலங்களும் சுமைதாங்கிகளும் பெரும்பாலும் பயனற்று நிற்கின்றன. சாலைகள் அகலப்படுத்தப்படும்போது இவற்றுள் பல அகற்றப்பட்டன. எஞ்சியுள்ளவை, இக்கடற்கரைக்கு மக்கள் நடந்து வந்த காலத்தின் சான்றுகளாகும்.

இவற்றையும் பார்க்க

வட்டக்கோட்டை
கன்னியாகுமரி மாவட்டம்
நாஞ்சில் நாடு
சுமைதாங்கி
நிழல் தாங்கல்
பத்மநாபபுரம் அரண்மனை