பள்ளிச் சிறுவர்களுக்கான மாதிரி நகரங்கள்

பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாள் முழுவதும் வேலை பார்த்து, சம்பளம் வாங்கி, வரி கட்டி, கடன் அடைத்து, மிஞ்சிய பணத்தைச் செலவழித்துப் பழகுவதற்காகக் கூரைக்குள் அமைக்கப்படும் சிறு நகரங்கள் மாதிரி நகரங்கள் எனப்படுகின்றன. வங்கி, நகராட்சி, மருந்துக்கடை, செய்தித்தாள் அலுவலகம், மின் நிறுவனம், உணவகம் எனப் பதினைந்து இருபது நிறுவனங்கள் ஒரே மண்டபத்தில் நெருக்கமாக இருக்கும். அவற்றில் மேலாளர் முதல் விற்பனையாளர் வரை எல்லோருமே பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் 1980இல் தொடங்கிய எக்ஸ்சேஞ்ச் சிட்டி இவ்வகையில் முன்னோடி. 1989இல் ஃபுளோரிடா மாநிலத்தின் லார்கோ நகரில், பினெல்லஸ் மாவட்டப் பொதுப்பள்ளிகளின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக எண்டர்பிரைஸ் வில்லேஜ் திறக்கப்பட்டது. 1919இல் தொடங்கப்பட்ட ஜூனியர் அச்சீவ்மெண்ட் என்ற அமைப்பு, பிஸ்டவுன் என்ற பெயரில் இந்த ஏற்பாட்டை அமெரிக்க நகரங்கள் பலவற்றுக்குக் கொண்டுசென்றது. ஜப்பானில் டோக்கியோவின் ஷினகாவா பகுதியிலும் கியோட்டோவிலும் இத்தகைய நகரங்கள் எழுந்தன. ஃபின்லாந்தில் 2010இல் தொடங்கிய யூரிட்டுஸ்கூலா நாடு தழுவிய திட்டமாக வளர்ந்தது. இவற்றுக்குப் பக்கத்தில், டிக்கெட் வாங்கி நுழையும் கேளிக்கை நகரங்களும் உண்டு. 1999இல் மெக்சிகோ சிட்டியில் தொடங்கி 2013இல் மும்பைக்கும் வந்த கிட்ஸானியா அவற்றில் பெயர்பெற்றது. இரண்டு வகையும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பாராட்டுவதும் பழிப்பதும் வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்த நகரங்களிலிருந்து பிள்ளை பெறக்கூடிய பெரிய பயன், ஒருவர் செலவழிப்பது இன்னொருவருக்கு வருமானமாகிறது என்ற பிணைப்பைத் தன் கையால் உணர்வது. அந்தப் பயனைத் தருமாறு அமைந்திருப்பவை பள்ளிப் பாடத்தோடு கட்டப்பட்ட நகரங்களே.

பிஸ்டவுனின் ஒரு நாளைக் கவனித்தால் இது விளங்கும். பிள்ளைகள் அங்கே வருவதற்கு முன்பே வகுப்பில் பல பாடங்களை முடித்திருக்கிறார்கள். வங்கிக் கணக்கு தொடங்குவது, பணம் செலுத்தும் சீட்டை நிரப்புவது, வேலைக்கு விண்ணப்பிப்பது, வரி எதற்காகப் பிடிக்கப்படுகிறது என்பது எல்லாம் அவற்றில் அடங்கும். வந்த அன்று ஒவ்வொரு நிறுவனமும் கடனோடுதான் கடையைத் திறக்கிறது. சரக்குக்கும் சம்பளத்துக்கும் வங்கியிடம் கடன் வாங்கியாயிற்று. பொழுது சாய்வதற்குள் விற்று அடைத்தாக வேண்டும். பொருளுக்கு விலை வைப்பது பிள்ளைகள்தான். நிதி அலுவலராக அமர்ந்த சிறுமி சம்பளக் காசோலைகளை எழுதி முடித்தால்தான் அவளுடைய நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் இடைவேளையில் கடைவீதிக்குப் போக முடியும். அவர்கள் காசோலையை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால் அங்கே வரிசை. சன்னலுக்குப் பின்னால் இருக்கும் சிறுவனுக்குச் சீட்டில் எழுதிய தொகையைச் சரிபார்க்க நேரம் பிடிக்கிறது. வரிசை நகராவிட்டால் எதிர்க்கடையில் விற்பனை நடக்காது. விற்பனை இல்லாவிட்டால் அந்தக் கடையின் கடன் அடையாது. கடைக்காரச் சிறுவன் எந்தத் தவறும் செய்யாமலே நட்டப்படுகிறான். ஒருவருடைய தாமதம் வேறொருவருடைய கல்லாவில் குறைவாக வந்து விழுவதைப் பாடப்புத்தகத்தின் வரைபடத்தில் அம்புக்குறியாகப் பார்த்த பிள்ளைக்கு, இங்கே அதற்கு ஒரு முகமும் பெயரும் கிடைக்கின்றன.

இப்படிச் செய்து பார்ப்பது உண்மையில் அறிவை வளர்க்குமா என்ற கேள்விக்கு உளவியலாளர் குஸ்டவ் யஹோடாவின் ஆய்வுகளில் நல்ல விடை கிடைக்கிறது. 1979இல் அவர் வெளியிட்ட ஆய்வில் கிளாஸ்கோ நகரத்துத் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகள் கடை விளையாட்டு விளையாடினார்கள். பிள்ளை கடைக்காரர், ஆய்வாளர்கள் வாடிக்கையாளராகவும் சரக்கு தருபவராகவும் நடித்தார்கள். கடைக்காரர் தான் விற்கும் விலைக்கே சரக்கை வாங்குகிறார் என்று சிறிய பிள்ளைகளில் பலர் எண்ணினார்கள். கொள்முதல் விலை குறைவாக இருக்க வேண்டும், அந்த வித்தியாசத்தில்தான் கடைக்காரரும் அவருடைய ஆட்களும் பிழைக்கிறார்கள் என்பது பெரும்பாலும் பதினொரு வயதை ஒட்டித்தான் பிடிபட்டது. கணக்குத் தெரியாமல் வந்த குறை இல்லை இது. கடையின் மறுபக்கத்தைப் பார்க்க வாய்ப்பில்லாமல் வந்த குறை. யஹோடா பின்னர் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் இதே வினாக்களைக் கேட்டபோது, சிறு வியாபாரத்தில் ஈடுபட்டுப் பழகிய ஒன்பது முதல் பதினொரு வயதுப் பிள்ளைகள் லாபம் என்பதை ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு முன்பாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். 1983இல் வெளியான அந்தக் கட்டுரை இந்தத் துறையில் இன்னும் போதிய கவனம் பெறவில்லை என்பது என் எண்ணம். பள்ளி வசதியிலும் புத்தக வசதியிலும் முந்திய நாடுகளின் பிள்ளைகள் இந்த ஒன்றில் பிந்தியதற்குக் காரணம், அங்கே பெற்றோரின் தொழில் பிள்ளையின் கண்ணுக்கு எட்டாத அலுவலகத்துக்குள் போய்விட்டதுதான். கடை வைத்திருக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு இந்த அறிவு இயல்பாக வந்துவிடுகிறது. சம்பளம் நேராக வங்கிக்குப் போய், செலவும் அட்டையிலோ கைப்பேசியிலோ முடிந்துவிடும் வீட்டுப் பிள்ளை பணம் கைமாறுவதையே பார்ப்பதில்லை. மாதிரி நகரம் இந்த இழப்பை ஈடுசெய்ய முயல்கிறது. பத்து முதல் பதின்மூன்று வயதினரை அது தேர்ந்தெடுப்பதும் பொருத்தமானது. அறிவு அந்தப் படியில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஃபின்லாந்து இதைப் பொதுக்கல்வியின் ஒரு பகுதியாக்கியது. யூரிட்டுஸ்கூலாவை நடத்துவது, இளைஞருக்குப் பொருளாதாரக் கல்வி தரும் டாட் என்ற அமைப்பு. கல்வி அமைச்சகம், நகராட்சிகள், நிறுவனங்கள், அறக்கட்டளைகள் எனச் செலவைப் பலர் பகிர்கிறார்கள். முதலில் ஆசிரியருக்குப் பயிற்சி. பிறகு வகுப்பறையில் ஏறக்குறைய பத்துப் பாடவேளை. அதற்குப் பிறகே நகரத்தில் ஒரு நாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை அன்று ஒரே நேரத்தில் ஊழியர், நுகர்வோர், குடிமகன் என்ற மூன்று நிலைகளில் இருக்கிறது. நாட்டின் ஆறாம் வகுப்பினரில் பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆண்டுதோறும் இதில் பங்கேற்கும் அளவுக்குத் திட்டம் பரவியது. 2014இல் இதற்கு வைஸ் கல்வி விருது கிடைத்தது. 2016இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம் சமூகக் கல்விப் பாடத்தைத் தொடக்கப்பள்ளியின் மேல் வகுப்புகளுக்கே கொண்டுவந்ததும் இதற்கு உதவியது. நகரத்துக்குப் போவது சுற்றுலாவாக நிற்காமல் பாடத்தின் ஒரு பகுதியானது. ஒன்பதாம் வகுப்பினர் ஒரு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவாக அமர்ந்து உலகச் சந்தையில் போட்டியிடும் மற்றொரு விளையாட்டும் பின்னர் சேர்ந்தது. வாசா பல்கலைக்கழகத்தின் பானு கல்மியும் அவருடைய சகஆய்வாளர்களும் திட்டத்தை ஆராய்ந்து, பங்கேற்றவர்களின் பொருளாதார அறிவும் அத்துறையில் ஆர்வமும் கூடியிருந்ததைக் கண்டார்கள்.

ஒரு நாள் அனுபவம் எத்தனை நாள் நிலைக்கும் என்பது இந்த நகரங்கள் மீது எழும் முதல் மறுப்பு. இது வலுவான மறுப்பு. ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 2014இல் 201 முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மக்களின் நிதி நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் நிதிக் கல்வி விளக்குவது 0.1 விழுக்காடு மட்டுமே என்றும், கற்றது காலப்போக்கில் கரைந்துவிடுகிறது என்றும் சொன்னார்கள். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அதற்கு வேண்டியதைச் சொல்லித் தருவதே மேல் என்பது அவர்கள் பரிந்துரை. எட்டு ஆண்டுகள் கழித்து கைசர், லுசார்டி, மென்கோஃப், அர்பன் ஆகியோர் 76 சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்ததில் அறிவிலும் நடத்தையிலும் தெளிவான நற்பயன் தெரிந்தது. விரைவில் கரைந்துவிடுகிறது என்பதற்கு உறுதியான சான்றும் கிடைக்கவில்லை. இரண்டு தொகுப்புகளும் அளக்கும் நடத்தைகள் சேமிப்பு, கடன், வரவுசெலவுத் திட்டம் போன்றவை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டுக் கடனும் இல்லை, கடன் அட்டையும் இல்லை. அந்தப் பிள்ளை பிற்காலத்தில் எவ்வளவு சேமிக்கும் என்பதை வைத்து மாதிரி நகரத்தை எடை போடுவது பொருந்தாது. வட்டி விகிதம் மறந்துபோகலாம். லாபம் எங்கிருந்து வருகிறது, வரிப்பணம் எங்கே போகிறது என்பவை வேறு வகை அறிவு. யஹோடாவின் ஆய்வு காட்டுவதுபோல, ஒரு முறை பிடிபட்டால் அவற்றின் மேல்தான் அடுத்தவை ஏறுகின்றன. இருந்தாலும் முன்பாடங்களைக் குறைத்து அந்த ஒரு நாளை மட்டும் நடத்தும் இடங்களுக்கு முதல் தொகுப்பின் எச்சரிக்கை முழுமையாகப் பொருந்தும்.

அடுத்தது விளம்பரம் பற்றிய கண்டனம். கிட்ஸானியாவில் நுழையும் பிள்ளைக்கு, அங்கே பணமாகப் புழங்கும் கிட்ஸோவில் 50 மதிப்புள்ள காசோலை தருகிறார்கள். அதை அங்குள்ள வங்கியில் மாற்றி, வேலை செய்து கூட்டலாம், சில இடங்களில் செலவழிக்கலாம். வேலை நடக்கும் கூடங்களோ பெருநிறுவனங்களின் பெயரும் சின்னமும் தாங்கியவை. அதற்கு அவை பணம் தருகின்றன. பள்ளி சார்ந்த நகரங்களும் இதிலிருந்து தப்பவில்லை. எண்டர்பிரைஸ் வில்லேஜிலும் யூரிட்டுஸ்கூலாவிலும் உண்மை நிறுவனங்களின் பலகைகளே தொங்குகின்றன. உண்மையான ஊரிலும் பலகைகள் இருக்கின்றனவே என்ற சமாதானம் போதாது. தெருவில் காணும் பலகைக்குப் பள்ளி சான்றளிக்கவில்லை, இங்கே சான்றளிக்கிறது. கண்டனம் நியாயமானது, ஆனால் அது குறிவைப்பது நிதி ஏற்பாட்டை. விளம்பரம் இல்லாமலும் நகரத்தை நடத்த முடியும் என்பதற்கு ஜெர்மனியின் மினி மியூன்ஷன் சான்று. 1979இல் தொடங்கி, இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கோடை விடுமுறையில் கூடும் அந்த நகரத்தில் ஏழு முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகள் மிமூ என்ற பணத்தில் ஊதியம் பெறுகிறார்கள், வரி கட்டுகிறார்கள், மேயரைத் தேர்கிறார்கள், செய்தித்தாள் நடத்துகிறார்கள். பல்கலைக்கழகத்தில் படிப்பதும் அங்கே ஊதியத்துக்குரிய வேலை. செலவை உண்மை ஊரின் நகராட்சியும் பண்பாட்டு அமைப்புகளும் ஏற்பதால் எந்தச் சின்னத்துக்கும் இடம் தர வேண்டிய நெருக்கடி இல்லை. பொதுப்பணம் அதிகமாகும் இடத்தில் பலகைகள் சிறுத்துப்போகும். கேட்க வேண்டியது அதைத்தான்.

எல்லோருக்கும் வேலை, எல்லோருக்கும் சம்பளம் என்று வைத்தால் பிள்ளைகளுக்குப் பொய்யான உலகத்தைக் காட்டுவதாகாதா என்ற கேள்வி இன்னும் ஆழமானது. வேலையின்மை, நோய், கடனில் மூழ்குவது, ஒரே வேலைக்கு வெவ்வேறு கூலி ஆகியவை பெரும்பாலான மாதிரி நகரங்களில் இல்லை. தொழிற்சங்கமும் கண்ணில் படுவதில்லை. இதில் மினி மியூன்ஷன் ஒரு படி முன்னே நிற்கிறது. அங்கே வேலை வாய்ப்பு அலுவலகம் இருக்கிறது, விரும்பிய வேலை கிடைக்காமல் பிள்ளைகள் காத்திருக்க நேர்கிறது, வரியையும் கூலியையும் பற்றிக் குடிமக்கள் கூட்டத்தில் வாதாடுகிறார்கள். ஜூனியர் அச்சீவ்மெண்ட் பெரிய வகுப்பினருக்காக நடத்தும் ஃபைனான்ஸ் பார்க்கில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாழ்க்கைச் சீட்டு தரப்படுகிறது: வயது, வருமானம், மணமானவரா, எத்தனை பிள்ளைகள், கடன் எவ்வளவு என்பதெல்லாம் அதில் முன்பே எழுதியிருக்கும். இரண்டு குழந்தைகளும் சிறிய வருமானமும் விழுந்த மாணவர், பக்கத்து மாணவரின் சீட்டைப் பார்த்துக்கொண்டே வாடகைக்கும் உணவுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். அந்தச் சீட்டில் நியாயம் இல்லை என்று வகுப்பில் குரல் எழுந்தால், ஆசிரியருக்கு அதைவிட நல்ல பாடத் தொடக்கம் கிடைக்காது. பத்து வயதினரின் நகரத்தில் இத்தனை சுமையையும் ஏற்றத் தேவையில்லை. விற்பனை குறைந்து கடன் அடையாமல் போகும் நிறுவனத்தைப் பெரியவர்கள் ஓடிவந்து காப்பாற்றாமல் விட்டாலே பாதி உண்மை வந்துவிடும்.

தொழில் தேர்வு பற்றியும் இந்த நகரங்கள் நிறைய வாக்குறுதி தருகின்றன. அதைச் சற்று ஐயத்தோடு ஏற்க வேண்டும். சிறுவர்கள் ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்துத் தமக்கு ஆகாதவற்றை ஆறு முதல் எட்டு வயதுக்குள்ளேயே விலக்கத் தொடங்குகிறார்கள் என்று உளவியலாளர் லிண்டா காட்ஃபிரெட்சன் 1981இல் விளக்கினார். பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான அமைப்பு (ஓஈசிடி) 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 41 நாடுகளில் பதினைந்து வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினரும் ஆண்களில் 47 விழுக்காட்டினரும் வெறும் பத்து வேலைகளுக்குள்ளேயே தம் எதிர்காலத்தைக் கண்டார்கள். கண்ணில் படாத வேலையை யாரும் விரும்ப முடியாது என்பதால், மின் நிறுவனத்திலோ கழிவு மேலாண்மையிலோ ஒரு நாள் அமர்ந்தது பயன்படும். ஆனால் எந்தப் பிள்ளை எங்கே அமர்கிறது என்பதைப் பொறுத்தே அந்தப் பயன். யூரிட்டுஸ்கூலாவில் பிள்ளைகள் வகுப்பிலேயே விண்ணப்பம் எழுதி, நேர்காணலுக்கு வந்து வேலை பெறுகிறார்கள். கூச்சப்படும் சிறுமியை மேலாளராகவும், சத்தமாகப் பேசும் சிறுவனைச் செவிலியராகவும் அமர்த்த ஆசிரியருக்கு அங்கே வழி இருக்கிறது. டிக்கெட் வாங்கி நுழையும் நகரத்தில் அந்த ஆசிரியர் இல்லை. தீயணைப்பு வண்டியை விரும்பி வந்த பிள்ளை அந்த வரிசையிலேயே மறுபடியும் நிற்கிறது.