தேரும் நிழலும்

தஞ்சாவூரில் ராஜவீதிகள் நான்கையும் நடந்தே சுற்றிவிடலாம், நிழல்தான் அரிது. அந்தக் காலத்தில் மரங்கள் இருந்தன, பிற்பாடு வெட்டிவிட்டார்கள் என்று ஏங்குவது நம் எழுத்தாளர்களுக்கு வாடிக்கை. எனக்கு இது ஏக்கமாகப் படுகிறதே தவிர சரித்திரமாகப் படவில்லை. தேரோடும் வீதியில் கிளைக்கு இடமேது? ஊரைச் சுற்றியும் நெல். நெல்லுக்கு நிழல் ஆகாது, நடு வரப்பில் மரத்தை எந்த மிராசுதாரும் விரும்பியதில்லை. மரத்துக்கு உரிய இடம் வெளியூர்ச் சாலை. ராமேஸ்வர யாத்திரிகர்களுக்கென்று இரண்டாம் சரபோஜி 1802-இல் ஒரத்தநாட்டில் சத்திரம் கட்டினாரே, அந்த மாதிரி வழிகள். நிழல் வழிப்போக்கனுக்கு, குடியிருப்பவனுக்குத் திண்ணையும் கொல்லையும் போதும் (அவை உள்ள வீட்டுக்காரனுக்கு, அதாவது). உள்ளூர்க்காரன் சும்மா உலாவ ஒரு பச்சை வேண்டும் என்பது, 1866-இல் ஏற்பட்ட நகரசபை 1871–72-இல் சிவகங்கைக் குளத்தை ஒட்டிப் பூங்கா போட்டபோது வந்த யோசனை. அதுவும் பெரிய கோவில் பக்கத்தோடு நின்றுவிட்டது, வீதிக்கு வரவில்லை. கோவில் தேரோ ஏறத்தாழ நூறு வருஷம் ஓடாமலிருந்து 2015-இல்தான் மறுபடி ஓடிற்று. இடைப்பட்ட காலத்தில் அதற்கு வழிவிட வேண்டியிருக்கவில்லை. மரம் வைத்திருக்கலாம். கடைகள் முன்னால் வந்தன, மின்கம்பிகள் குறுக்கே வந்தன.